நெய்குவான்: குமட்டலுக்கான மணிக்கட்டுப் புள்ளி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சின்ன வயதில் அந்தப் பேருந்தில் மடியில் ஒரு பையை விரித்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். பாட்டி எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து முகரச் சொல்வார். பத்தாவது வளைவு வரை தாங்கும், அப்புறம் தாங்காது. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே ஓரிடத்தை அழுத்தினால் குமட்டல் தணியும் என்பது பல வருடம் கழித்து அக்குபஞ்சர் படிக்கப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றே தெரிந்திருந்தால் எத்தனை பயணம் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைப்பதுண்டு.

இந்த ஒரு புள்ளியைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். நேரில் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நெய்குவான் என்றால் என்ன?

சீன மொழியில் 'நெய்' என்றால் உள்ளே. 'குவான்' என்றால் வாசல். ஆனால் வீட்டு வாசல் அல்ல. மலைக்கணவாயில் கோட்டை கட்டிக் காவல் வைத்திருப்பார்களே, யார் உள்ளே போகலாம், யார் வெளியே வரலாம் என்று பார்க்கும் வாசல், அது. சீனப் பெருஞ்சுவர் கடலைத் தொடும் இடத்தில் உள்ள ஷான்ஹாய்குவான் கோட்டையின் பெயரிலும் இதே 'குவான்' இருக்கிறது. ஆக நெய்குவான் என்பது உள்வாசல். முன்கையின் வெளிப்புறத்தில், இதற்கு நேர் பின்னால், வாய்குவான் என்று இன்னொரு புள்ளி உண்டு. அது வெளிவாசல்.

இன்றைய எண் முறையில் இது பெரிகார்டியம் 6, அதாவது இதய உறைப் பாதையின் ஆறாவது புள்ளி. பாதை என்பது உடம்பில் சக்தி ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் வழி. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பி.சி.6 என்றும் பி6 என்றும் எழுதுவார்கள். எல்லாம் ஒன்றுதான்.

சரியாக எங்கே இருக்கிறது?

இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். 'அழுத்திப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை' என்று வருகிறவர்களில் பலர் வேறெங்கோ அழுத்தியவர்கள்.

உள்ளங்கை மேலே தெரியும்படி கையைத் திருப்புங்கள். மணிக்கட்டில் குறுக்கே இரண்டு மூன்று கோடுகள் இருக்கும். கையை லேசாக மடக்கினால் எந்த இடத்தில் மடிகிறதோ, அந்தக் கோடுதான் நம் கணக்குக்குத் தொடக்கம். மற்றொரு கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, மோதிர விரலின் ஓரம் அந்தக் கோட்டில் படும்படி முன்கையின் குறுக்கே வையுங்கள். ஆள்காட்டி விரலின் மேல் ஓரம் முடியும் உயரத்தில்தான் புள்ளி. இப்போது கையை இறுக மூடி மணிக்கட்டைக் கொஞ்சம் உள்பக்கம் மடக்குங்கள். நடுவில் இரண்டு கயிறுபோலத் தசைநாண்கள் எழுந்து நிற்கும். அந்த உயரத்தில், அந்த இரண்டு கயிறுக்கும் நடுவே உள்ள பள்ளம்தான் நெய்குவான்.

சீன அளவில் இது இரண்டு 'சுன்'. சுன் என்பது சென்டிமீட்டர்போல எல்லாருக்கும் ஒரே அளவு அல்ல, அவரவர் உடம்புக்கு ஏற்றது. ஒருவருடைய கட்டைவிரலின் அகலம் அவருக்கு ஒரு சுன், மூன்று விரல் இரண்டு சுன், நான்கு விரல் மூன்று சுன். முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை 12 சுன் என்று கணக்கு. அப்படியானால் நெய்குவான் முன்கையின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கிறது. விரல் அளவில் சந்தேகம் வந்தால் இந்தக் கணக்கை வைத்துச் சரிபார்க்கலாம்.

அதிகம் நடக்கும் தவறு இரண்டு. ஒன்று, உள்ளங்கை முடியும் மேட்டிலிருந்து அளப்பது. அப்படி அளந்தால் புள்ளி கீழே இறங்கிவிடும். இன்னொன்று, குழந்தையின் கையைப் பெரியவர் தன் விரலால் அளப்பது. யாருடைய கையோ, அவருடைய விரல்தான் அளவுகோல். குழந்தையின் மறுகை விரலை எடுத்து அதன் கைமேலேயே வைத்து அளங்கள்.

எனக்கு இரண்டு நாண் தெரியவில்லை, ஒன்றுதான் தெரிகிறது. ஏதாவது கோளாறா?

இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை. நடுவில் எழும் நாண் பால்மாரிஸ் லாங்கஸ் என்ற சிறு தசையுடையது. பலருக்கு அது ஒரு கையிலோ இரண்டு கையிலோ பிறவியிலேயே இருக்காது. இல்லாததால் கைப்பிடியின் பலம் குறைவதும் இல்லை. வேறோர் இடத்தில் நாண் தேவைப்படும்போது அறுவை மருத்துவர்கள் இதைத்தான் எடுத்து வைப்பார்கள். உங்களுக்கு இருக்கிறதா என்று பார்க்கக் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நுனியில் சேர்த்து, மணிக்கட்டை மடக்குங்கள். நடுவில் கயிறுபோல எழுந்தால் இருக்கிறது.

எழவில்லை என்றால், கட்டைவிரல் பக்கம் தெரியும் பெரிய நாணைக் கண்டுபிடித்து, அதற்குச் சுண்டுவிரல் பக்கம் ஒட்டினாற்போல் அழுத்துங்கள். அதுதான் இடம்.

இதய உறையின் பாதையில் உள்ள புள்ளி வயிற்றை எப்படிச் சரிசெய்யும்?

படிக்கும் காலத்தில் நானும் இதையேதான் ஆசிரியரிடம் கேட்டேன். சீன மருத்துவம் உடம்பைப் பார்க்கும் விதம் இந்த ஒரு கேள்வியில் நன்றாகத் தெரியும்.

அந்த மரபில் ஒவ்வோர் உறுப்பின் சக்திக்கும் ஒரு திசை உண்டு. வயிற்றின் சக்தி கீழே இறங்க வேண்டும். சாப்பாடு இறங்குவது அந்தத் திசையில்தான். அது வழிதவறி மேலே ஏறினால் ஏப்பம், விக்கல், எதுக்களிப்பு, குமட்டல், வாந்தி எல்லாம் வரும். பெயர் வெவ்வேறாக இருந்தாலும் அவர்களுக்கு இவை ஒரே நிகழ்ச்சியின் பல படிகள்: இறங்க வேண்டியது ஏறுகிறது. 'சாப்பிட்டது மேலே மேலே வருகிறது' என்று நம் வீடுகளில் சொல்வதும் ஏறக்குறைய அதேதான்.

சரி, இதய உறை இதில் எங்கே வருகிறது? அந்தப் பாதை நெஞ்சின் நடுவில் தொடங்குகிறது. ஒரு கிளை உதரவிதானத்தைத் துளைத்துக் கீழே இறங்கி, மேல், நடு, கீழ் என்று உடற்பகுதியின் மூன்று அடுக்குகளையும் தொடுகிறது. வயிறு இருப்பது நடு அடுக்கில். இன்னொரு கிளை கைவழியாக நடுவிரல் நுனி வரை போகிறது. அதன்படி மணிக்கட்டில் உள்ள வாசலைத் தட்டினால் நெஞ்சிலும் வயிற்றிலும் கதவு திறக்கும் என்பது அவர்களுடைய தர்க்கம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தைத் தளர்த்தும் புள்ளியாகவும் இதைச் சொல்வார்கள்.

இந்தப் பாதைகளை உடற்கூறு மேசையில் யாரும் அறுத்துக் காட்டியதில்லை. நான் அவற்றை ஒரு வரைபடமாகத்தான் பார்க்கிறேன். பல நூற்றாண்டு நோயாளிகளைப் பார்த்தவர்கள் எந்த இடத்தைத் தொட்டால் எங்கே மாற்றம் தெரிகிறது என்று குறித்து வைத்த வரைபடம். அந்த அளவில் அதற்கு மதிப்பு உண்டு.

இது எவ்வளவு பழைய புள்ளி?

சீன மருத்துவத்தின் அடிப்படை நூலான ஹுவாங்டி நெய்ஜிங், அதாவது மஞ்சள் பேரரசரின் உள்நூல், சுமார் 2000 ஆண்டுப் பழமை கொண்டது. அதன் லிங்ஷு பகுதியின் பத்தாம் அத்தியாயத்திலேயே இந்தப் பெயர் இருக்கிறது. மணிக்கட்டிலிருந்து இரண்டு சுன் தள்ளி, இரண்டு நாண்களுக்கு நடுவே வெளிப்படுகிறது என்று இடமும் சொல்லியிருக்கிறது. இன்று நான் விரல் வைக்கும் அதே இடம். அதை முதலில் வாசித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆனால் கவனியுங்கள், அந்த நூல் இதை வாந்திப் புள்ளி என்று அறிமுகம் செய்யவில்லை. நெஞ்சுவலியைத்தான் சொல்கிறது. இன்று உலகம் முழுக்க இதை வாந்திக்காக அறிந்திருக்கிறார்கள், பழைய சீனருக்கோ இது முதலில் நெஞ்சின் புள்ளி.

அப்படியானால் வேறு எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள்?

நெஞ்சு இறுக்கம், படபடப்பு, பெருமூச்சு விட்டுக்கொண்டே இருப்பது, மனக்கலக்கம், தூக்கம் வராமை, விக்கல், மேல்வயிற்று வலி. மணிக்கட்டு வலிக்கும், விரல் மரத்துப்போகும் கார்ப்பல் டனல் தொல்லைக்கும் அருகில் உள்ள புள்ளிகளோடு சேர்த்து எடுப்பதுண்டு.

சீன மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஒரு பழைய செய்யுள் இருக்கிறது. வயிற்றுக்கு சான்லி, முதுகுக்கு வெய்ஜோங், தலைக்கும் கழுத்துக்கும் லியேச்சுவே, முகத்துக்கும் வாய்க்கும் ஹேகு என்று நான்கு புள்ளிகளை மட்டும் சொல்வது. பிற்காலத்தில் அதோடு 'நெஞ்சுக்கு நெய்குவான்' என்று சேர்த்துக்கொண்டார்கள். எந்தச் சிக்கலிலும் முதலில் கை போக வேண்டிய இடங்கள் இவை என்பது பொருள்.

கைதேர்ந்தவர்கள் இதை இணையோடு சேர்த்து எடுப்பார்கள். குமட்டலுக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள சுசான்லியோடு (செய்யுளில் வரும் சான்லி இதுதான்). தூக்கத்துக்கும் படபடப்புக்கும் மணிக்கட்டின் சுண்டுவிரல் ஓரத்தில் உள்ள ஷென்மென்னோடு. நெஞ்சும் வயிறும் சேர்ந்து தொல்லை தரும்போது பாதத்தின் உள்பக்க வளைவில் உள்ள கோங்சுன்னோடு. இந்தக் கடைசி இணை பழையது. வழக்கமான பாதைகளைத் தவிர எட்டு விசேஷ நாளங்கள், அதாவது சக்தி வழிகள், உண்டு என்பார்கள்; அவற்றைத் திறக்கும் எட்டுப் புள்ளிகளில் இரண்டு இவை. நெய்குவான் திறப்பது யின்வெய் என்ற நாளத்தை. அந்த நாளம் கெட்டால் நெஞ்சு வலிக்கும் என்று நான்ஜிங் என்ற பழைய நூல் சொல்கிறது.

இந்தப் பட்டியல் மரபின் பட்டியல் என்பதை மறக்க வேண்டாம். இதில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே அளவு சான்று கிடையாது. குமட்டலுக்கும் வாந்திக்கும் இருக்கும் அளவு வேறு எதற்கும் இல்லை.

நவீன மருத்துவம் இதை ஏற்றுக்கொள்கிறதா?

குமட்டல் விஷயத்தில், அதிலும் அறுவைக்குப் பின் வருவதில், பெருமளவு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதற்கு முக்கியக் காரணம் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் மயக்கவியல் பேராசிரியராக இருந்த ஜான் டண்டி. சீனாவில் கர்ப்பிணிகள் மசக்கைக்கு இந்தப் புள்ளியை அழுத்திக்கொள்வதை அறிந்து, ஊருக்குத் திரும்பி அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார். மயக்க மருந்து தெளிந்து எழும்போது பலருக்கு வாந்தி வரும். புள்ளியில் அக்குபஞ்சர் ஊசி வைக்கப்பட்டவர்களுக்கு அது குறைந்தது. 1986இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவருடைய குழுவின் கட்டுரை வந்தது. அக்குபஞ்சரை நம்பியவர் நம்பாதவர் எல்லாரும் அதன் பிறகு சோதிக்கத் தொடங்கினார்கள்.

1997இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, அறுவைக்குப் பின்னும் புற்றுநோய்க்கான கீமோ மருந்துக்குப் பின்னும் பெரியவர்களுக்கு வரும் குமட்டல், வாந்திக்கு அக்குபஞ்சர் பலன் தருகிறது என்று அறிவித்தது. 2015இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 59 சோதனைகளை, 7667 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. போலி சிகிச்சையோடு ஒப்பிட்டால் இந்தப் புள்ளியைத் தூண்டியவர்களுக்கு அறுவைக்குப் பின் குமட்டல் சுமார் மூன்றில் ஒரு பங்கும், வாந்தி சுமார் 40 சதவீதமும் குறைந்திருந்தன. வாந்தி தடுப்பு மருந்துகளோடு ஒப்பிட்டபோது பெரிய வேறுபாடு தெரியவில்லை. அந்தச் சோதனைகளில் பல சரியாக நடத்தப்படவில்லை, ஆதலால் சான்றின் தரம் உயர்ந்தது அல்ல என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

புள்ளிக்கு நேர் கீழே மீடியன் நரம்பு ஓடுகிறது. கட்டைவிரல் முதல் மோதிர விரலின் பாதி வரை உணர்ச்சி தருவது இந்த நரம்புதான். டண்டியின் குழு 1991இல் ஒரு நல்ல சோதனை செய்தது. புள்ளி இருக்கும் இடத்தை மரத்துப்போகும் மருந்து போட்டு உணர்விழக்கச் செய்துவிட்டு, அப்புறம் ஊசியால் தூண்டினார்கள். வாந்தியை அடக்கும் பலன் போய்விட்டது. அப்படியென்றால் செய்தி நரம்பு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. வாந்தியைக் கட்டுப்படுத்தும் பகுதி மூளைத்தண்டில் இருக்கிறது. மணிக்கட்டிலிருந்து கிளம்பும் நரம்புச் செய்தி அங்கே எப்படி வேலை செய்கிறது என்ற முழுக்கதை இன்னும் ஆய்வில் இருக்கிறது.

கீமோ எடுத்துக்கொள்பவர்களுக்கு உதவுமா?

என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது நானே பக்கத்தில் இருந்தேன். மருந்து ஏற்றிய மறுநாள் காலையில் வீட்டில் சாம்பார் தாளிக்கும் வாசனை வந்தாலே அவருக்குக் குமட்டும். அறுவை செய்யாத பக்கத்துக் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுத்துவேன். கண்ணை மூடிக்கொண்டு, 'கொஞ்சம் கீழே இறங்குகிறது' என்பார். சில நாள் அப்படி. சில நாள் ஒன்றும் இறங்காது, மாத்திரைதான் காப்பாற்றியது. இரண்டும் உண்மை.

ஆய்வுகளும் அப்படித்தான் கலந்து இருக்கின்றன. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் அதிக அளவு கீமோ பெற்ற 104 பெண்களிடம் செய்த சோதனையில், நெய்குவானிலும் சுசான்லியிலும் ஊசி வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தினார்கள். ஐந்து நாட்களில் வாந்தி எடுத்த தடவைகளின் இடைநிலை அளவு, மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 15, மின் ஊசியும் சேர்த்தவர்களுக்கு 5. சிகிச்சையை நிறுத்திய பிறகு அந்த வேறுபாடு நீடிக்கவில்லை. அதே சமயம், இங்கிலாந்தில் 500 நோயாளிகளுக்கு மணிக்கட்டுப் பட்டையைக் கொடுத்துப் பார்த்து 2013இல் வெளியிட்ட பெரிய சோதனையில், நிஜப் பட்டைக்கும் போலிப் பட்டைக்கும் வழக்கமான மருந்துக்கும் இடையே தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை.

என் கருத்து இது: ஆண்டன்செட்ரான் போன்ற மருந்துகளை மருத்துவர் சொன்ன நேரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளியை அதோடு சேர்த்து அழுத்துங்கள். மருந்து வாந்தியை நன்றாக அடக்கும், ஆனால் அடியில் தங்கும் மெல்லிய குமட்டல் பலருக்குப் போவதில்லை. அந்த நேரத்தில் உங்கள் கையாலேயே உங்களுக்கு ஏதோ செய்துகொள்ள முடிகிறது என்பது சின்ன விஷயம் அல்ல. பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்வதும் சின்ன விஷயம் அல்ல.

இரண்டு எச்சரிக்கை. அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையில் ஊசி வேண்டாம், இறுக்கமான பட்டையும் வேண்டாம். ரத்தத் தட்டணுக்களும் வெள்ளணுக்களும் குறைந்திருக்கும் நாட்களில் எந்தக் கையிலும் ஊசி வேண்டாம். புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் ஊசிக்குப் போகவே கூடாது.

மசக்கைக்கு அழுத்தலாமா? கர்ப்பத்துக்கு ஆபத்து இல்லையா?

அழுத்தலாம். கர்ப்பிணிகளுக்குத் தொடக் கூடாது என்று மரபு விலக்கிய புள்ளிகள் உண்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள ஹேகு, கணுக்காலுக்கு மேலே உள்ள சான்யின்ஜியாவ் இரண்டும் அதில் முக்கியமானவை. நெய்குவான் அந்த விலக்கில் இல்லை. மசக்கைக்குப் பலன் தருமா என்ற ஆய்வுகளின் முடிவு சில சாதகம், சில இல்லை என்று இருக்கிறது. அழுத்துவதில் கெடுதல் இல்லை, செலவும் இல்லை, முயன்று பார்ப்பதில் தப்பில்லை. காலையில் எழுந்து தலையைத் தூக்குவதற்கு முன்பே, படுத்தபடியே அழுத்தத் தொடங்குங்கள். எழுந்து குமட்டல் முற்றிய பிறகு அழுத்துவதைவிட அது நல்லது.

ஆனால் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போகிறது, எடை இறங்குகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் அது சாதாரண மசக்கை அல்ல. மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டிய நிலை. 'எல்லாருக்கும் வர்றதுதான்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம்.

பேருந்து, கார், படகுப் பயணத்துக்கு?

பயணக் குமட்டலுக்குச் சோதனை முடிவுகள் அறுவைக்குப் பின் வரும் வாந்தியின் அளவுக்கு உறுதியானவை அல்ல. ஆனாலும் மலைப்பாதையில் எனக்கு உதவுகிறது. வண்டி கிளம்பும் முன்பே தொடங்குங்கள். முன் இருக்கையில் உட்காருங்கள், தூரத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள், வயிற்றை நிரப்பிக்கொண்டும் முழுப் பட்டினியாகவும் ஏறாதீர்கள். எலுமிச்சம்பழத்தையும் விட வேண்டாம், பாட்டி சொன்னது வீண் போகாது.

மருந்துக்கடையிலும் இணையத்திலும் கிடைக்கும் மணிக்கட்டுப் பட்டை என்பது வேறொன்றும் இல்லை, இலாஸ்டிக் துணியில் ஒரு பிளாஸ்டிக் குமிழ். அந்தக் குமிழ் நெய்குவான்மேல் உட்கார வேண்டும். பலர் கைக்கடிகாரம்போல மணிக்கட்டு மடிப்பிலேயே கட்டிக்கொள்கிறார்கள், அதில் பயன் இல்லை. இரண்டு கையிலும் போடுங்கள். விரல் வீங்கினாலோ நிறம் மாறினாலோ மரத்தாலோ உடனே கழற்றுங்கள்.

எப்படி அழுத்த வேண்டும்? எவ்வளவு நேரம்?

கட்டைவிரலின் சதைப்பகுதியைப் புள்ளியில் வைத்து, மற்ற விரல்களை முன்கையின் பின்பக்கம் கொடுத்துப் பிடியுங்கள். இடுக்கிபோல இரண்டு பக்கமும் தாங்கினால் அழுத்தம் நேராக இறங்கும். மெல்லத் தொடங்கி ஒரு கனமான, மந்தமான உணர்வு வரும் வரை கூட்டுங்கள். சுருக்கென்று வலித்தால் அதிகம். அப்படியே பிடித்துக்கொண்டு சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்றலாம். இரண்டு மூன்று நிமிடம் ஒரு கை, அப்புறம் மறுகை. மூச்சை நிதானமாக விடுங்கள். தேவைப்பட்டால் அரைமணி நேரம் கழித்து மறுபடியும். நகத்தால் குத்த வேண்டாம்.

ஊசிதான் சிறந்ததா, விரல் போதுமா?

வீட்டில் விரல். இதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஊசி என்றால் பயிற்சி பெற்றவரிடம், உறையைப் பிரித்த புது ஊசியோடு மட்டும். அரை சுன் முதல் ஒரு சுன் வரைதான் ஆழம், அதற்குள்ளேயே மீடியன் நரம்பு இருக்கிறது. ஊசி அதைத் தொட்டால் நடுவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல அதிரும். அப்போது உடனே சொல்லிவிடுங்கள், நல்ல மருத்துவர் அங்கேயே ஊசியைப் பின்னுக்கு இழுத்துவிடுவார். அந்த அதிர்ச்சி வந்தால்தான் பலன் என்று சொல்லி மேலும் குத்துகிறவரிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

பழைய நூல் நெஞ்சுவலிக்குச் சொல்கிறதே, மாரடைப்பு மாதிரி வந்தால் அழுத்தலாமா?

கூடாது. நெஞ்சு அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் 108ஐ அழையுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு சில நேரம் வெறும் குமட்டலும் சோர்வுமாக, கேஸ் தொல்லைபோல வரும். குமட்டலுக்குப் புள்ளி தெரியும் என்பதாலேயே அந்த நேரத்தை வீணாக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. இதற்காகவே இந்தக் கேள்வியைத் தனியாக எழுதினேன். 2000 ஆண்டுகளுக்கு முன் எழுதியவர்களிடம் இ.சி.ஜி.யும் இல்லை, அடைப்பைத் திறக்கும் வழியும் இல்லை. நம்மிடம் இருக்கிறது.

வேறு எந்த வாந்திக்கு அழுத்திக்கொண்டு உட்காரக் கூடாது?

தலையில் அடிபட்ட பிறகு வரும் வாந்தி. காய்ச்சலோடு, குறிப்பாக டெங்கு நேரத்தில், திரும்பத் திரும்ப வரும் வாந்தி. ரத்தமோ காப்பித்தூள் போன்ற கரும்பொடியோ கலந்த வாந்தி. வயிறு பலகைபோல இறுகி வலிக்கும் வாந்தி. கழுத்து விறைப்பும் கடும் தலைவலியும் சேர்ந்த வாந்தி. விஷமோ மாத்திரையோ சாப்பிட்டவரின் வாந்தி. கைக்குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும்போது வரும் வாந்தி. இவை எதற்கும் மணிக்கட்டைத் தேட வேண்டாம், வண்டியைத் தேடுங்கள்.

நம்முடைய வர்மமும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. இடங்கள் சில பக்கத்தில் பக்கத்தில் வரும், மணிக்கட்டில் மணிபந்தம் என்று நம் மரபிலும் உண்டு. ஆனால் கேள்வியே வேறு. பழைய ஆயுர்வேத ஆசிரியர் சுசுருதர் 107 மர்மங்களை, அதாவது உடம்பின் உயிர்நிலைகளை, கணக்கிட்டது பெரும்பாலும் எங்கே அடிபட்டால் உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து, எங்கே கத்தி வைக்கக் கூடாது என்று காட்டுவதற்காக. சித்த மரபின் 108 வர்மங்கள் அடிமுறை என்ற தற்காப்புக் கலையோடும் அடிபட்டவரை எழுப்பும் இளக்குமுறையோடும் வளர்ந்தவை. சீனப் புள்ளிகள் தொடக்கத்திலிருந்தே ஊசிக்கும் சூட்டுக்கும் குறிக்கப்பட்ட சிகிச்சை இடங்கள். இரண்டையும் கலந்து 'எல்லாம் நம்மிடமிருந்து போனது' என்று சொல்வது இரண்டு மரபுக்கும் மரியாதை அல்ல.

அக்குபஞ்சர் எடுத்தால் மற்ற மாத்திரைகளை நிறுத்த வேண்டும் என்கிறார்களே?

என்னிடம் வந்த ஒரு அம்மாவிடம் வேறொரு ஹீலர் அப்படித்தான் சொல்லியிருந்தார். சர்க்கரை மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு மூன்று வாரம் கழித்து என்னிடம் வந்தார், வாந்தியோடு. வாய் உலர்ந்து, மூச்சு வேகமாக இருந்தது. நான் அவர் கையைத் தொட்டது புள்ளிக்காக அல்ல, நாடி பார்க்க. அங்கிருந்து நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டார். அன்று முதல் எந்தப் புதிய நோயாளி வந்தாலும் என் முதல் கேள்வி, 'எந்த மாத்திரையை நிறுத்தியிருக்கிறீர்கள்?' என்பதுதான். சீனாவிலேயே இந்த மருத்துவம் பெரிய மருத்துவமனைகளில் நவீன மருந்தோடு ஒரே கூரையின் கீழ்தான் நடக்கிறது.

இடது கையா, வலது கையா?

எதுவானாலும் சரி, முடிந்தால் இரண்டும். ஒரு கைதான் வசதிப்படும் என்றால், அழுத்தும் விரல் எந்தக் கையில் பலமாக இருக்கிறதோ அதற்கு எதிர்க் கை.